அரைப்பேருக்கு எத்தனை பைட்?

அண்மையில் ஒரு கலந்துரையாடல். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். "நம்ம மக்களோட பதிவுகளை எல்லாம் ஒரே இடத்தில சேர்க்கணும். செக்ரோல், பிறப்புப் பதிவு, பள்ளிக்கூட இடாப்பு, பிரஜாவுரிமை காகிதம் எல்லாம்" என்று ஒரு அண்ணன் ஆரம்பித்தார். எல்லோரும் தலையாட்டினோம். பின்னாலிருந்து ஒருத்தர் கேட்டார்: "அதுக்கு எவ்வளவு பெரிய சர்வர் வேணும்?" யாருக்கும் பதில் தெரியல. "அதெல்லாம் கோடிக்கணக்கில போகும் தம்பி" என்று இன்னொருத்தர் சொன்னதும் பேச்சு அங்கேயே முடிந்து, தேத்தண்ணி வந்தது.

நான் கலைப்பீடம். கணினி படிக்கிறவங்க இருக்கும்போது நான் எதுக்கு வாயைத் திறக்கணும் என்று சும்மா இருந்துட்டேன். ஆனா கஹவத்தைக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடல. "கோடி" என்று சொன்னவர் எந்தக் கணக்கில் சொன்னார்? கணக்குப் போடாமலே பெரிய தொகையைச் சொல்லி ஒரு வேலையை நிறுத்தலாம் என்றால், அந்தத் தொகைதான் முதல் தடை. அதனால் ஒரு கொப்பியை எடுத்து நானே போட்டுப் பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்தக் கணக்குதான். பிழை இருந்தால் திருத்துங்க, ஆனா கணக்கால திருத்துங்க.

முதல்ல ஒரு சொல். இந்த மாதிரி சேர்க்கும் இடத்தை தரவுக் களஞ்சியம், டேட்டா வெயார்ஹவுஸ் என்கிறாங்க. சாதாரண தரவுத்தளத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் உண்டு. சாதாரண தரவுத்தளத்தில் இன்றைய நிலைமை மட்டும் இருந்தாலும் வேலை நடக்கும். விலாசம் மாறினால் பழையதை அழித்துப் புதியதை எழுதிவிடலாம். களஞ்சியத்தில் பழையதை அழிக்கக் கூடாது. இந்தத் துறையில் முன்னோடியாகச் சொல்லப்படும் பில் இன்மன் 1990களின் தொடக்கத்திலேயே இதை வலியுறுத்தினார்: பல இடத்திலிருந்து வரும் தரவு ஒன்றாகப் பொருந்த வேண்டும், காலம் அதில் பதிவாக வேண்டும், உள்ளே போனது அழியக் கூடாது. எங்களுக்கு இது புதுசில்ல. பல மலையிலிருந்து வரும் கொழுந்து ஒரே ஸ்டோருக்குப் போகுது. எந்த மலை, எந்த நாள், எத்தனை கிலோ என்று எழுதித்தான் போகுது.

ஒரு வரிக்கு எவ்வளவு?

சர்வரைக் கணக்குப் பண்ண, கடையில் இருக்கும் சர்வரிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. நம்ம கிட்ட இருக்கும் காகிதத்திலிருந்து ஆரம்பிக்கணும். ஒரு பதிவு எவ்வளவு இடம் பிடிக்கும், அப்படி எத்தனை பதிவு இருக்கு, வருஷத்துக்கு எவ்வளவு கூடும்.

கணினியில் தமிழ் கொஞ்சம் இடம் கேட்கும் மொழி. இன்று பரவலாக இருக்கும் யூனிகோட் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். புள்ளியும் கொம்பும் தனிக் குறியீடுகள். 'கஹவத்தை' என்று எழுதினால் 7 குறியீடு, 21 பைட். சிங்களத்தில் எழுதினால் 18 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 9 எழுத்து, 9 பைட். அட, இங்கயும் நமக்குத்தான் செலவு கூடவா என்று தோன்றும். ஆனா பயப்பட ஒன்றுமில்ல, பாருங்க.

ஒரு ஆளுக்கு மூன்று மொழியில் பெயர், தாய் தகப்பன் பெயர், பிறந்த திகதி, தோட்டம், டிவிஷன், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் சேர்த்து தாராளமாக 2,000 பைட் வைப்போம். 2012 குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' என்று பதிவானவர்கள் சுமார் 8 இலட்சத்து 40 ஆயிரம். வேறு பிரிவில் பதிந்துகொண்டவர்களையும் நினைத்து 10 இலட்சம் என்று எடுத்தால், மொத்தம் 2 ஜிபி. பெயரும் விலாசமும் மாறிய ஒவ்வொரு தடவையையும் வைத்திருக்க, ஆளுக்குப் பத்துப் பதிவு என்றாலும் 20 ஜிபி. பெட்டிக்கடையில் விற்கும் பென் டிரைவில் அடங்கும். ஒரு சமூகத்தின் பெயர்ப்பட்டியல் முழுவதும் சட்டைப்பைக்குள்ள போயிடும். இந்தக் கணக்கு முடிந்தபோது நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அடுத்தது செக்ரோல். 1,000 பேர் வேலை செய்யும் ஒரு தோட்டம் என்று வைப்போம். நாளுக்கு மூன்று நிறுவை, வருஷத்துக்கு 300 நாள். 9 இலட்சம் வரி. வரிக்கு 100 பைட் என்றால் 90 எம்பி. 30 வருஷத்துக்கு 2.7 ஜிபி. அப்படி 400 தோட்டம் என்றாலும் 1,080 ஜிபி, சுமார் 1.1 டெராபைட். வேகமாகத் தேடுவதற்கான சுட்டிகளுக்கு இன்னொரு மடங்கு விட்டால் 2.2 டெராபைட்.

இதையும் குறைக்கலாம். 9 இலட்சம் வரியிலும் 'கஹவத்தை' என்று எழுதினால் அந்த ஒரு சொல்லுக்கே 18.9 எம்பி. தோட்டப் பெயருக்கு ஒரு எண் கொடுத்து, வரியில் அந்த எண்ணை மட்டும் எழுதினால் 2 பைட் போதும், 1.8 எம்பியில் முடியும். பெயர்கள் தனி அட்டவணையில் ஒரு தடவை மட்டும் இருக்கும். இதைப் படித்தபோது எனக்கு சிரிப்பு வரல. பெயருக்குப் பதிலாக எண் என்ற உத்தியை கணினி வருவதற்கு முன்னாடியே தோட்டம் கண்டுபிடிச்சிருச்சு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் ஆட்கள், தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எண் பொறித்த தகரத் துண்டோடு இந்த நாட்டுக்குள்ள வந்தாங்க. செக்ரோலிலும் ஆளுக்கு ஒரு நம்பர்தான். வித்தியாசம் ஒன்றுதான்: நல்ல களஞ்சியத்தில் எண்ணிலிருந்து பெயருக்குத் திரும்பிப் போக வழி இருக்கும்.

காகிதத்தைப் படம் எடுத்தால்

எழுத்தாகத் தட்டச்சு செய்தால் இவ்வளவுதான். காகிதத்தையே ஸ்கேன் செய்து வைக்கணும் என்றால் கதை வேறு. ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளியில் நிறத்தோடு எடுத்தால் 2,480 பெருக்கல் 3,508 புள்ளி, சுமார் 87 இலட்சம். புள்ளிக்கு 3 பைட். ஒரு பக்கம் 26 எம்பி. 200 பக்கப் பதிவேடு 5.2 ஜிபி. தோட்டத்துக்கு 100 பதிவேடு என்றால் 520 ஜிபி. 400 தோட்டத்துக்கு 208 டெராபைட். இப்பதான் கோடி கண்ணுக்குத் தெரியுது.

அதையே சுருக்கிய படமாக, பத்தில் ஒரு பங்காக வைத்தால் 21 டெராபைட்டுக்குள் வரும். கையெழுத்து வாசிக்க அது போதும். மங்கிப்போன மையை, அழித்து எழுதிய இடத்தை ஆராய அது போதாமல் போகலாம். அப்படியான பக்கங்களை மட்டும் முழு அளவில் வைக்கலாம். எதை அப்படி வைப்பது என்று தீர்மானிக்க வேண்டியவர் சர்வர் விற்கிறவர் இல்லை. வரலாறு படித்தவர்கள், பதிவேட்டைப் புரட்டிப் பழகிய பழைய கணக்கப்பிள்ளைகள், கங்காணிமார். கலைப்பீடத்துக்கு இந்த மேசையில் கதிரை உண்டு என்று எனக்கு விளங்கியது இங்கதான்.

ஸ்டோருக்குத் தெரிந்த விஷயம்

இடம் ஒன்று, வேகம் இன்னொன்று. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை கிலோ அளவில் கொழுந்து வேணும். ஆனா கொழுந்து தினமும் ஒரே அளவில் வராது. மழை பெய்து வெயில் அடித்த வாரத்தில் குவியும். கொழுந்து வாடப்போடும் இடத்தை வருஷ சராசரிக்குக் கட்டினால், அந்த வாரத்தில் கொழுந்து தரையில் கிடந்து சூடேறி வீணாகும். அதனால உச்ச நாளைப் பார்த்துத்தான் கட்டுவாங்க.

சர்வரும் அப்படித்தான். பரீட்சை முடிவு வெளியாகிற ராத்திரி நம்மில் எத்தனை பேர் சுத்துற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்போம்! ஒரு நேரத்தில் எத்தனை பேர் கேட்பாங்க, எப்படியான கேள்வி கேட்பாங்க என்பதைப் பொறுத்துத்தான் ரேமும் புரொசெசரும் முடிவாகும். இருபது ஆய்வாளர்கள் வந்து கேள்வி கேட்கும் களஞ்சியத்துக்கு 64 ஜிபி ரேம் உள்ள ஒரு நடுத்தர இயந்திரத்திலிருந்து தொடங்கலாம். பத்து இலட்சம் பேர் ஒரே இரவில் தங்கள் பெயரைத் தேடும் நாள் வந்தால், அதற்கு முன்வாசலில் சுருக்கப் பட்டியல் மட்டும் உள்ள வேறொரு இயந்திரத்தை அந்த நாட்களுக்கு வாடகைக்கு எடுக்கலாம்.

முழுக்க வாடகைக்கே போகலாமே, க்ளவுட் இருக்கே என்று கேட்கலாம். போகலாம், ஆனா பில் பெரும்பாலும் டொலரில் வரும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டதை நாம் பார்த்தோம். வருமானம் ரூபாயில், பில் டொலரில் என்றால் இன்று போட்ட கணக்கு ஆறு மாதத்தில் பொய்யாகலாம். சொந்த இயந்திரம் என்றால் மின்சாரம் பிரச்சினை. அதே 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். பட்டரியும் ஜெனரேட்டரும் இந்தக் கணக்கில் வரணும். வெளிநாட்டுக் கையேடுகளில் இந்த வரி அவ்வளவு பெரிய எழுத்தில் இருக்காது.

ஒரே பிரதி என்பது பிரதியே இல்லை

என் கணக்கில் இதுவரை 23 டெராபைட். ஆனா இதை அப்படியே மூன்றால் பெருக்கணும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு ஊரில். இது உலகம் முழுக்க ஒத்துக்கொள்ளும் ஒரு பழைய விதி. ஒத்துக்கொள்வாங்க, செய்ய மாட்டாங்க.

2023 ஓகஸ்டில் இலங்கை அரச க்ளவுட் ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச மின்னஞ்சல் பயன்படுத்திய சுமார் 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு போயிட்டது. அந்தக் காலத்துக்குப் பிரதி இருக்கல. ஓடிக்கொண்டிருந்த மின்னஞ்சல் மென்பொருளும் பழையது. பணப் பற்றாக்குறையால் புதுப்பிக்க முடியவில்லை என்று விளக்கம் வந்தது. நாங்க ஏழை நாடு, அதனால் என்று சொல்லவும் முடியாது. 2025 செப்டெம்பரில் தென்கொரியாவில், தேஜோன் நகரிலுள்ள அரச தரவு மையத்தில் தீப்பிடித்து, அரச ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் அழிந்தன. அளவு பெரிசு என்பதால் வெளியில் பிரதி வைக்கவில்லை என்றார்கள். இயந்திரத்தைக் கணக்குப் பண்ணும்போது பிரதியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் முடிவு இதுதான்.

தமிழ் வாசகருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த சுமார் 97,000 நூல்களில், வேறு எங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. 2005இலிருந்து நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துகளைப் படியெடுத்து இணையத்தில் வைத்து வருவதற்குப் பின்னால் அந்த நினைவும் இருக்கு.

எங்கள் மாவட்டத்துக்கு நெருப்பைவிட தண்ணீர்தான் பக்கத்தில். இரத்தினபுரியில் 2003 மே வெள்ளமும் 2017 மே வெள்ளமும் ஞாபகமிருக்கும். ஒரு பிரதியை இரத்தினபுரி டவுனிலும் மற்றதை களுகங்கையின் கீழே இன்னொரு ஊரிலும் வைத்துவிட்டு இரண்டு பிரதி இருக்கு என்று சொல்லக் கூடாது. ஒன்று பதுளைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகணும்.

மூன்று பிரதிக்கு 69 டெராபைட். ஐந்து வருஷ வளர்ச்சிக்கு 30 வீதம் கூட்டினால் 90. 16 டெராபைட் டிஸ்க் ஆறு, பழுதானால் மாற்ற இன்னும் சில. முழு மலையகத்துக்கும் இவ்வளவுதான். மூன்று ஊரில் மூன்று சின்ன அலுமாரி. கோடி என்று சொன்ன அண்ணனிடம் இதை மரியாதையோடு வைக்கிறேன்.

அப்போ எதற்குத்தான் செலவு?

மனிதருக்கு. பெயரை எடுத்துக்கொள்ளுங்க. எங்கள் அம்மாயியின் பெயரை மாரியாயி என்றே வைப்போம். பிறப்புப் பதிவில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, சேமலாப நிதிப் பதிவில் மூன்றாவது மாதிரி. தமிழில் 'ப' ஒன்றுதான், சிங்களத்தில் அதற்கு இரண்டு உச்சரிப்பு, இரண்டு எழுத்து. 'க'வும் அப்படியே. சப்ரகமுவவில் எங்களுக்குக் கிடைக்கும் காகிதங்களில் பெரும்பாலானவை சிங்களத்தில். கேட்டு எழுதியவர் காதுக்கு எப்படி விழுந்ததோ அப்படி ஒரு பெயர். அம்மாயி தன் சொந்தக் காசை எடுக்க, மூன்று பேரும் தான் ஒருத்திதான் என்று சத்தியக் கடதாசி முடித்து, மூன்று தடவை பஸ் ஏறி இறங்கினார். அந்த அலைச்சலில் அரைநாள் கூலி போன மகள் என் அம்மா.

இந்த மூன்று மாரியாயியும் ஒருத்தி என்று தீர்மானிக்கும் வேலையை எந்த சர்வரும் முழுசாகச் செய்யாது. ஒத்த பெயர்களை வரிசையாகக் காட்டும், அவ்வளவுதான். தமிழும் சிங்களமும் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை உட்கார்ந்து, தகப்பன் பெயர் பார்த்து, டிவிஷன் பார்த்து, தேவைப்பட்டால் லயத்துக்குப் போய்க் கேட்டு முடிவு செய்யணும். பழைய கோப்புகளில் பாமினியில் தட்டச்சு செய்தவற்றை யூனிகோடுக்கு மாற்றணும், இல்லாவிட்டால் தேடினாலும் அகப்படாது. அந்தப் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் வேணும். திட்ட அறிக்கையில் சர்வருக்கு ஒரு பக்கம், இவங்களுக்கு ஒரு வரி என்று எழுதினால் அந்தத் திட்டம் இரண்டாவது வருஷத்தில் நின்றுவிடும் என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவும் எதற்கு? கேள்வி கேட்பதற்கு. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்த பிறகு எங்கள் தோட்டங்களில் அரைப்பேர் கூடியதா, குறைந்ததா? மாதத்துக்கு எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள்? முழுப்பேருக்கு எத்தனை கிலோ கேட்டார்கள்? அரைப்பேர் என்றால் என்னவென்று வெளியில் இருந்து வாசிப்பவர்களுக்கு: கேட்ட கிலோவை எடுக்காத நாளில் ஒரு முழு நாள் நின்றவளுக்கு அரை நாள் விழும். அதைத்தான் அரைப்பேர் என்போம். ஒவ்வொரு சம்பளப் பேச்சிலும் கணக்கு அவங்க கையில இருக்கு, கோஷம் நம்ம கையில இருக்கு. 30 வருஷ செக்ரோல் நம்மிடமும் இருந்தால், அந்தக் கேள்விக்குப் பதில் சில நொடியில் வரும். அரைப்பேர் என்று ஒரு வரி, 100 பைட். அந்த 100 பைட் இல்லாததால் எத்தனை வருஷமாக வாய்ப்பேச்சில் தோற்கிறோம்!

பயமும் நியாயம்தான்

"ஒரே இடத்தில் சேர்த்தால் ஆபத்து" என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. அவங்களை நான் தள்ளிவிட மாட்டேன். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்களை 9,75,000 என்று எண்ணி, 5,25,000 அங்கே, 3,00,000 இங்கே, மிச்சம் 1,50,000 பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதி என்று 75,000ஆக பங்கு போட்டார்கள். யாரையும் கேட்கல. பட்டியலில் பெயர் இருப்பதன் கசப்பு எங்களுக்குத் தெரியும். அண்மையில் அஸ்வெசும பட்டியலில் பெயர் இல்லாததன் கசப்பும் தெரியும். இலட்சக்கணக்கில் மேன்முறையீடு போனதே.

அதனால் என் பக்கத்து நிபந்தனைகள் இவை. களஞ்சியத்தின் சாவி ஒரு கட்சியிடமோ ஒரு தொழிற்சங்கத்திடமோ ஒரு கம்பனியிடமோ இருக்கக் கூடாது. ஆய்வுக்கு வருபவருக்கு எண்ணிக்கை தெரியணும், ஆளின் பெயர் தெரியத் தேவையில்லை. தன் பதிவைப் பார்க்கவும் பிழை திருத்தவும் ஒவ்வொருவருக்கும் உரிமை வேணும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுவதும் இதைத்தான். பழைய பதிவேடுகளில் சாதி எழுதியிருக்கும் இடங்கள் உண்டு. அந்தப் பக்கத்தின் படத்தை மாற்றாமல் வைப்போம், அது வரலாறு. ஆனா தேடும் அட்டவணையில் சாதிக்கு ஒரு கட்டம் வேண்டாம். எந்தக் கேள்வியைக் கேட்க முடியாதபடி செய்யணும் என்பதும் களஞ்சியத்தைத் திட்டமிடுவதில் சேர்த்தி.

கடைசியாக, என் கணக்கில் எவ்வளவோ 'வைப்போம்' இருக்கு. வரிக்கு 100 பைட்டா 140ஆ, பதிவேடு 100ஆ 60ஆ, எனக்குத் தெரியாது. அதற்கு வழியும் உண்டு. ஒரே ஒரு தோட்டத்தை எடுத்துச் செய்து பார்த்து, உண்மையில் எவ்வளவு வந்தது என்று அளந்து, பிறகு பெருக்கணும். ஒரு தோட்டத்துக்கு என் கணக்கு 58 ஜிபி, மூன்று பிரதிக்கு 174. நம்மில் சிலர் கையில் வைத்திருக்கும் ஃபோனிலேயே ஒரு பிரதிக்கு இடமிருக்கு.

1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் கம்பனிகளிடம் போயின. ஒவ்வொரு கைமாறலிலும் காணிக்கும் இயந்திரத்துக்கும் கணக்கு எடுத்தார்கள். பழைய செக்ரோலுக்கு யார் கணக்கு எடுத்தார்? மழைக்காலம் வந்தால் இன்னும் சில பக்கம் ஒட்டிக்கொள்ளும். அடுத்த கூட்டத்துக்கு நான் இந்தக் கொப்பியோட வாறேன். யாராவது ஒருத்தர் வீட்டுப் பரணில் இருக்கும் ஒரு பழைய பதிவேட்டோட வாங்க. 200 பக்கத்தை அன்றைக்கே படமெடுத்துப் பார்ப்போம், எவ்வளவு வருதென்று.